சாரையை விடுங்கள், தரையில் விரிக்கும் பாயைப் பாருங்கள்

கேள்வி: மதுரை அழகர்கோவில் சாலையில், கண்மாய்க் கரையை ஒட்டிய புது காலனியில் குடியிருக்கிறோம். போன மாதம் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஆள் நீளத்துக்கு ஒரு சாரைப்பாம்பு. இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு நின்றதையும் பக்கத்து வீட்டில் பார்த்திருக்கிறார்கள். ராத்திரியானால் மாடித் தகரக் கூரைக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவே ஏதோ தடதடவென்று நடக்கிறது. கோடையில் குரங்குகள் வந்து தண்ணீர்த் தொட்டி மூடியைக் கழற்றுகின்றன. எலி மருந்து வைத்தால் எல்லாம் ஒழிந்துவிடும் என்கிறார் வீட்டுக்காரர். வாசலில் ஆகாச கருடன் கிழங்கு கட்டி, வேலியோரம் சிறியாநங்கை நட்டிருக்கிறார் அத்தை. நாலைந்து கோழிகள் வளர்க்கிறோம். அத்தையும் என் ஐந்து வயது மகனும் முன்கூடத்தில் பாய் விரித்துப் படுப்பார்கள். பயமில்லாமல் இருக்க வழி சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, மதுரை

பதில்: கால்நடை மருத்துவர்

அன்புள்ள சகோதரிக்கு,

சாரையைப் பற்றியும் கூரைச் சத்தத்தைப் பற்றியும் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். அத்தையும் மகனும் தரையில் படுப்பதைக் கடைசியில் ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டீர்கள். எனக்குக் கவலை அந்த வரியில்தான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் பக்கத்தில் உயிருக்கு ஆபத்தான பாம்புகள் முக்கியமாக நான்கு: நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன். முதல் மூன்றும் பெரும்பாலும் தாங்கள் இருப்பதை ஏதாவது ஒரு வகையில் தெரியப்படுத்திவிடும். நல்ல பாம்பு படமெடுக்கும். கண்ணாடி விரியன், குக்கர் விசில் வருவதற்கு முன் சீறுகிற மாதிரி பலமாகச் சீறும். சுருட்டை விரியன் செதில்களை உரசி அரம் போடும் சத்தம் எழுப்பும். கட்டுவிரியன் அப்படியில்லை. பகலெல்லாம் எலி வளையிலோ செங்கல் குவியலிலோ சுருண்டு கிடக்கும். இருட்டிய பிறகு பல்லி, எலி, சின்னப் பாம்புகள் என்று இரை தேடி வரும். அப்படி வரும்போது கதவிடுக்கு வழியாக வீட்டுக்குள் நுழைந்து, படுத்திருப்பவருக்குப் பக்கத்தில் வந்துவிடுவதும் உண்டு. தூக்கத்தில் புரளும்போது கையோ காலோ அதன்மேல் பட்டால் கடித்துவிடும்.

அந்தக் கடி பெரும்பாலும் வலிக்காது. வீங்காது. பல் தடம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். ஏதோ பூச்சி கடித்தது என்று மறுபடி தூங்கிவிடுவார்கள். நடுச்சாமத்திலோ விடியற்காலையிலோ வயிற்றுவலி, வாந்தி என்று எழுந்திருப்பார்கள். கண் இமைகள் தானாகத் தொங்க ஆரம்பிக்கும், எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும், பிறகு மூச்சுத் திணறும். ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தால் அந்த நேரம் போய்விடும். தரையில் படுத்த ஒருவர் இப்படி எழுந்தால், கடித்த தடம் இருக்கிறதோ இல்லையோ, பாம்பைப் பார்த்தார்களோ இல்லையோ, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். இதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

தடுப்பதற்கு இரண்டு காரியம் போதும். முடிந்தால் கட்டில் போடுங்கள். சுவரை ஒட்டாமல் தள்ளிப் போட்டு, போர்வை தரையில் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டில் ஒத்துவராது, தரையில் படுத்தால்தான் அத்தைக்கு முதுகு நேராக இருக்கிறது என்றால் அதுவும் சரி, கொசுவலை கட்டுங்கள். ஆனால் வலையின் நான்கு ஓரத்தையும் பாய்க்கடியிலோ மெத்தைக்கடியிலோ முழுக்கச் செருக வேண்டும். சும்மா தொங்கவிட்ட வலைக்கு உள்ளே பாம்பு நுழைந்துவிடும். நன்றாகச் செருகிய கொசுவலையைப் போல மலிவான பாம்புத் தடுப்பு வேறு எதுவும் எனக்குத் தெரியாது. இன்று ராத்திரியே செய்யுங்கள். மற்றதெல்லாம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது கதவு. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் கீழே உள்ள இடைவெளியைக் குனிந்து பாருங்கள். உங்கள் சுண்டுவிரல் நுழைகிற சந்தில் சின்னக் கட்டுவிரியன் நுழைந்துவிடும். ஹார்டுவேர் கடையில் கதவுக்கு அடியில் ஒட்டும் ரப்பர் பட்டை கிடைக்கும். குளியலறையிலும் துவைக்கும் இடத்திலும் தண்ணீர் வெளியேறும் ஓட்டைகளுக்கு நெருக்கமான கம்பி வலை வைத்து மேலே துளை போட்ட மூடி (ஜாலி) போடச் சொல்லுங்கள். ஜன்னலை ஒட்டிப் படரும் கொடி இருந்தால் வெட்டிவிடுங்கள். ராத்திரி வெளியே போனால் டார்ச் வேண்டும், காலில் செருப்பு வேண்டும். மதுரையைச் சுற்றி மல்லிகை பறிக்கிறவர்கள் விடியுமுன்னே செடிக்குள் கை விடுகிறார்கள். அவர்களில் யாராவது உங்கள் காலனிப் பக்கம் இருந்தால் இதை அவர்களுக்கும் சொல்லுங்கள்.

கடித்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடிபட்டவரை நடக்கவிடாதீர்கள், ஓடவிடாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டியை உடனே கழற்றுங்கள், வீங்கினால் பிறகு வராது. கடித்த கை அல்லது காலை எலும்பு முறிந்தால் கட்டுவதுபோல ஒரு மட்டை வைத்து அசையாமல் கட்டலாம். இறுக்கிக் கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. பச்சிலை அரைக்க நேரம் செலவழிக்காதீர்கள். 108 ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றால் கிடைக்கிற வண்டியில் கிளம்புங்கள். மதுரையில் பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. கட்டுவிரியன் கடிக்குச் சில சமயம் செயற்கைச் சுவாசம் தேவைப்படும் என்பதால் அந்த வசதியுள்ள இடம் முக்கியம். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

பாம்பை அடித்து பையில் போட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. நம் நாட்டில் போடும் விஷமுறிவு மருந்து நான்கு பாம்புகளுக்கும் சேர்த்துத் தயாரித்த ஒரே மருந்து. ரத்தம் உறைகிறதா என்று ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் வைத்துப் பார்ப்பார்கள். கண் இமையைப் பார்ப்பார்கள். அதை வைத்து மருந்தை முடிவு செய்வார்கள். அறிகுறி இல்லை என்றாலும் ஒரு நாள் அங்கேயே தங்கச் சொல்வார்கள், தங்குங்கள். 2024-இல் தமிழக அரசு பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. எங்கே எத்தனை பேருக்குக் கடி என்று கணக்கு வந்தால்தான் மருந்து அந்த ஊருக்குப் போகும் என்பதால் அதை நான் மனதார வரவேற்கிறேன்.

இனி உங்கள் சாரைக்கு வருவோம். சாரைக்கு விஷம் கிடையாது. வாலில் விஷம் என்றும், வாலால் அடித்தால் அந்த இடம் அழுகும் என்றும் சொல்வது உண்மையில்லை. கையால் பிடித்தால் கடிக்கும், காயம் ஆகும், அவ்வளவுதான். கண் பெரிதாக, கழுத்து ஒல்லியாக, மஞ்சள் கலந்த பழுப்பாக, விறுவிறுவென்று ஓடும். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்த 'பிணையல்' சாரையும் நல்ல பாம்பும் சேர்வது என்று ஊரில் சொல்வார்கள். பெரும்பாலும் அது இரண்டு ஆண் சாரைகள் மல்லுக்கு நிற்பது. உடம்பைப் பின்னிக்கொண்டு, தலையை உயர்த்தி, ஒன்றை ஒன்று தரையில் அழுத்தப் பார்க்கும். தோற்றது விலகிப் போய்விடும். அதன்மேல் துணி போட்டு எடுத்தால் அதிர்ஷ்டம் என்று யாரும் கிட்டே போக வேண்டாம், தள்ளி நின்று பாருங்கள்.

சாரை உங்கள் வீட்டுக்கு வந்தது எலிக்காகவும் தவளைக்காகவும். துவைக்கிற கல்லைச் சுற்றித் தண்ணீர் தேங்கினால் தவளை வரும். கோழித் தீவனம் சிந்தினால் எலி வரும். சாரையை அடித்துவிட்டால் அந்த எலிகள் அப்படியே இருக்கும், அவற்றைத் தேடி அடுத்து வருவது நல்ல பாம்பாகவும் இருக்கலாம். அதனால் தோட்டத்தில் கண்டால் அதன் வழியில் போகவிடுங்கள். வீட்டுக்குள் வந்துவிட்டால் மட்டும் தீயணைப்பு நிலையத்தை 101-இல் கூப்பிடுங்கள். அவர்கள் வரும்வரை பிள்ளைகளையும் நாயையும் வெளியே அனுப்பி, அந்த அறைக் கதவைச் சாத்தி, கீழ்ச் சந்தில் துண்டைச் சுருட்டி வையுங்கள். ஜன்னல் வழியாக ஒருவர் அது எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கு வேலை சுலபம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாம்பைக் கொல்வதும் பிடித்து வைத்திருப்பதும் குற்றம் என்பதை வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். கோழிக்கும் செடிக்கும் பாதுகாப்பு என்று வேலியைச் சுற்றிப் பழைய மீன்வலையோ நைலான் வலையோ கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள். பாம்பு தலையை நுழைத்து முன்னே போகும். பின்னால் வரப் பார்த்தால் செதில்கள் நூலில் மாட்டும். இழுக்க இழுக்க நூல் தோலுக்குள் இறங்கும். வெயிலில் அப்படியே கிடந்து சாகும். அது சாரையாக இருந்தாலும் பார்க்கச் சகிக்காது. நல்ல பாம்பாக இருந்தால், வலியில் துடிக்கும் அதன் பக்கத்தில்தான் உங்கள் மகன் காலையில் கோழியைத் திறந்துவிடப் போவான். வலைக்குப் பதில் கோழிக்கூட்டுக்கு நெருக்கமான கம்பி வலை அடித்து, கூட்டைத் தரையிலிருந்து இரண்டடி உயர்த்தி வையுங்கள். முட்டையை அன்றன்றே எடுத்துவிடுங்கள். தீவனத்தை மூடியுள்ள தகர டின்னில் வைத்து, சாயங்காலமே மிச்சத்தைக் கூட்டி எடுங்கள். விறகும் தென்னை மட்டையும் செங்கல்லும் சுவரை ஒட்டிக் குவிந்திருந்தால் ஓரடி உயரத்தில் மேடை போட்டு, சுவரிலிருந்து தள்ளி அடுக்குங்கள். அடியில் வெளிச்சம் தெரிகிற இடத்தில் எலியும் தங்காது, பாம்பும் தங்காது.

ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிரம்பும்போது வளைகளில் தண்ணீர் ஏறி, பாம்புகள் மேட்டுக்கு வரும். சீமைக் கருவேலத்தை ஜேசிபி வைத்து அழிக்கும் நாட்களிலும் அப்படித்தான், தங்கின இடம் போனால் வேறிடம் தேடும். அந்த நாட்களில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்.

சரி, கூரையில் நடப்பது யார்? பகலில் கீச்சுக்கீச்சு என்றால் அணில். விடாமல் சுரண்டும், லேசாக ஓடும் சத்தம் என்றால் எலி. இருட்டியதும் கனமான காலடி ஒரு தடவை, பிறகு நிசப்தம், விடியுமுன் மறுபடி அதே காலடி என்றால் அது மரநாய். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் மரநாயாகத்தான் இருக்கும். மாடிச் சுவர்மேல் எச்சத்தைத் தேடிப் பாருங்கள். சப்போட்டா, நாவல், பப்பாளி விதைகள் முழுசு முழுசாகக் கிடந்தால் சந்தேகமே வேண்டாம். பழம் தின்னும், கூடவே எலியும் தின்னும் பிராணி அது. ஆளைத் தேடி வந்து கடிக்காது. ஆனால் கோழிக்கூட்டைத் திறந்து வைத்தால் கோழியை விடாது.

அதைப் பிடித்துக் காட்டில் விடலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். அனுமதியில்லாமல் பிடிப்பதே சட்டப்படி குற்றம். தெரியாத இடத்தில் விட்டால் அது பிழைப்பதும் கஷ்டம். உங்கள் கூரையில் ஒரு ஓட்டை திறந்திருக்கும்வரை இன்னொரு மரநாய் வந்து சேரும். ஓட்டையை அடைப்பதுதான் வேலை. அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் வழியைக் கண்டுபிடியுங்கள். தகரத்தின் விளிம்பிலும் சுவர் மேலும் சாயங்காலம் கோலமாவைத் தூவி வையுங்கள். காலையில் கால் தடம் எங்கே நுழைகிறது என்று தெரிந்துவிடும். அந்த ஓட்டையில் செய்தித்தாளைக் கசக்கிச் செருகுங்கள். மூன்று ராத்திரி அது கலையாமல் இருந்தால் உள்ளே யாரும் இல்லை, நெருக்கமான கம்பி வலை அடித்துவிடலாம். கலைந்தால் பொறுங்கள். உள்ளே குட்டி இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். மெல்லிய முனகல் கேட்டால் இரண்டு மூன்று மாதம் விட்டுவிடுங்கள், குட்டிகள் வளர்ந்து தாயோடு கிளம்பிவிடும். குட்டி இல்லை என்றால் கூரைக்குள் ஒரு பல்பைத் தொங்கவிட்டு ராத்திரி பகலாக எரியவிடுங்கள், ஒரு ரேடியோவும் பாடட்டும். பகல் தூக்கம் கெட்டால் தானே இடம் மாற்றும். எந்தக் காரணத்துக்காகவும் பகலில் ஓட்டையை அடைக்காதீர்கள். அது உள்ளேதான் தூங்கிக்கொண்டிருக்கும். அடைத்தால் சீலிங்கைப் பிய்த்துக்கொண்டு நடு வீட்டில் விழும், அல்லது உள்ளே செத்து வாரக்கணக்கில் நாறும். கூரைமேல் சாயும் மரக்கிளைகளை ஆறேழு அடி தள்ளி வெட்டினால் ஏறும் வழியே குறைந்துவிடும்.

எலி மருந்துக்கு என் பதில் கண்டிப்பாக வேண்டாம் என்பதுதான். மருந்து தின்ற எலி உடனே சாகாது, தள்ளாடிக்கொண்டு திரியும். அதைப் பிடித்துத் தின்னும் கூகை, கீரி, மரநாய், பூனை எல்லாம் சேர்ந்து பாதிக்கப்படும். எலியைக் குறைக்கிறவர்களையே கொன்றுவிட்டு எலியைப் பெருக்கிக்கொள்வது என்ன கணக்கு? கூகை அலறினால் சாவு வரும் என்று நம்மூரில் விரட்டுவார்கள். உண்மையில் அது தன் குஞ்சுகளுக்கு ராத்திரி முழுக்க எலி பிடித்துக் கொடுக்கும் பறவை. இன்னொன்று, ஐந்து வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் எலி மருந்துப் பசை இருக்கவே கூடாது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசைக்கு மாற்று மருந்தே கிடையாது, ஈரலை அழித்துவிடும். பொறி வையுங்கள். தேங்காய்ச் சில்லைச் சுட்டு மாட்டினால் எலி வரும்.

குரங்குகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அழகர்மலையில் பக்தர்கள் கொடுக்கும் பழத்துக்கும் பொரிக்கும் பழகிப்போன கூட்டம், கையில் பை இருந்தாலே தின்பண்டம் என்று முடிவு செய்துவிடும். உங்கள் தெருவில் யாரும் ஒரு வாழைப்பழம்கூடக் கொடுக்கக் கூடாது என்று பேசி முடிவெடுங்கள். ஒரு வீடு கொடுத்தாலும் மற்ற வீடுகள் பாடுபடும். தொட்டி மூடியைக் கம்பியால் முறுக்கிக் கட்டுங்கள். சமையலறை ஜன்னலுக்கு வலை அடியுங்கள். எதிரில் வந்தால் கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள், பல் தெரியச் சிரிக்காதீர்கள், இரண்டையும் அது சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும். முதுகைக் காட்டி ஓடாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். மகனுக்கு இதை விளையாட்டுப்போலச் சொல்லிக் கொடுங்கள்.

கடித்தாலும் பிராண்டினாலும் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் அப்பாதீர்கள். அன்றைக்கே வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும், ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் ஊசியும் சேர்த்து. குரங்கு, மரநாய், கீரி, நாய், பூனை எல்லாக் கடிக்கும் இதுவே. ஊசித் தேதிகளில் ஒன்றைக்கூடத் தவறவிடாதீர்கள். கீழே விழுந்து கிடக்கும் வௌவாலையும் வெறுங்கையால் தொட வேண்டாம், மகனுக்கு இதையும் சொல்லுங்கள்.

மயில் வந்தால் விரட்டக் கல்லெடுக்காதீர்கள். உடும்பு வந்தாலும் அதேதான். இரண்டும் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை, கொன்றால் குறைந்தது 3 ஆண்டு சிறை. உங்கள் சாலையிலிருந்து கொஞ்ச தூரத்தில், மேலூர்ப் பக்கம் இருக்கும் அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். மலைப்பாம்பு, எறும்புத்தின்னி, தேவாங்கு எல்லாம் அந்தக் குன்றுகளில் இருக்கின்றன. குன்றுக்கும் கண்மாய்க்கும் நடுவே அவை நடக்கும் தடத்தில்தான் நம் காலனிகள் பலவும் எழுந்திருக்கின்றன. ஆகவே அவற்றின் நடமாட்டம் நிற்காது. ராத்திரி புளியமரத்தில் இரண்டு பெரிய கண்கள் மின்னி, மெல்ல மெல்ல நகர்ந்தால் அது தேவாங்காக இருக்கலாம். டார்ச்சை அதன் கண்ணில் அடிக்காமல் மகனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

கடைசியாக ஆகாச கருடனும் சிறியாநங்கையும். இவற்றின் வாசனைக்குப் பாம்பு வராது என்பதற்கு ஆதாரம் எதையும் நான் கண்டதில்லை. பூண்டு கரைசலும், பினாயிலும், பிளீச்சிங் பவுடரும் அப்படித்தான். ஆனால் கிழங்கைப் பிடுங்கிப் போடுங்கள் என்று அத்தையிடம் சொல்லாதீர்கள். தொங்கிவிட்டுப் போகட்டும். அதை நம்பிக் கதவுச் சந்தை அடைக்காமல் விடுவதுதான் ஆபத்து. சிறியாநங்கைச் செடிகளையும் அடர்ந்து புதராக வளரவிடாமல், அடித்தண்டு தெரிகிறபடி கழித்துவிடச் சொல்லுங்கள். அத்தையோடு உட்கார்ந்து பேசும்போது கொசுவலையையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஓரத்தை எப்படிச் செருகுவது என்று பேரனே பாட்டிக்குச் செய்து காட்டட்டும்.